சம ஊதியமும் ‘ஒரே வேலை’ என்னும் வரையறையும்

ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தால் இருவருக்கும் ஒரே ஊதியம் அளிக்க வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுப்போர் அரியர். தொழிலாளர் அதிகாரியின் முன்னும் நீதிமன்றத்திலும் எழும் சச்சரவு பெரும்பாலும் இக்கொள்கையைப் பற்றியதன்று. அதற்கு முற்பட்ட வேறொரு வினாவைப் பற்றியது. அவ்விருவரும் செய்வது ஒரே வேலைதானா என்பதே அவ்வினா. ‘இது வேறு பதவி, இதன் பெயர் வேறு, ஆகவே ஊதிய விகிதமும் வேறு’ என்னும் விடை ஏற்கப்பட்டுவிட்டால், சம ஊதியம் என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போகிறது. 1975-இல் அவசரச் சட்டமாகத் தோன்றி, 1976-இல் நாடாளுமன்றச் சட்டமாகி, 2025 நவம்பரில் ஊதியச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்ட சம ஊதியச் சட்டத்தின் வரலாறு, பெரும்பகுதி இவ்வொரு வினாவின் வரலாறே ஆகும்.

குடும்பத் தலைவனின் கூலி

ஆண் கூலி, பெண் கூலி என்னும் பிரிவினை வயலிலும் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்த பின்னரும், ஒரே தொழிலில் இரு பாலாருக்கும் வெவ்வேறு விகிதங்களைக் குறிக்கும் அரசு அறிவிக்கைகள் வெளிவந்தன. இதனை வேலையளிப்போரின் பேராசை என்று மட்டும் கொள்வது முழு உண்மையாகாது. ஊதியத்தைக் கணக்கிடும் முறையிலேயே ஒரு கருத்து பொதிந்திருந்தது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவையின் அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்திற்கு நெறிகளை வகுத்தபோது, ஒரு சம்பாத்தியத்தை நம்பி வாழும் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டது. பெண்கள், சிறுவர், இளவயதினர் ஆகியோரின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்த்தலாகாது எனவும் கூறியது. நோக்கம் நல்லதே. மனைவியின் கூலியைக் காட்டிக் கணவனின் கூலியைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்நெறி வகுக்கப்பட்டது. ஆயினும் சம்பாதிப்பவன் ஆண், பெண்ணின் வருவாய் அதற்குத் துணை என்னும் சித்திரம் அதனடியில் இருந்ததை மறுக்க இயலாது. துணை வருவாய்க்கு அரைக் கூலியும் முக்கால் கூலியும் போதும் என்று எண்ணுவதற்கு அங்கிருந்து அதிக தூரமில்லை.

அரசியலமைப்பு இதற்கு நேர்மாறான குறிக்கோளைக் கொண்டிருந்தது. ஆண், பெண் இருபாலாருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும் வகையில் அரசு தன் கொள்கையைச் செலுத்த வேண்டும் என 39(ஈ) பிரிவு விதிக்கிறது. ஆனால் இது அரசுக் கொள்கையின் நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்று. 37-ஆவது பிரிவின்படி இக்கோட்பாடுகளை நீதிமன்றத்தின் வழியாக நிறைவேற்றிக்கொள்ள முடியாது. அடிப்படை உரிமையாகிய 16-ஆவது பிரிவோ மதம், இனம், சாதி, பால், மரபு, பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றின் பெயரால் வேறுபாடு காட்டுவதைத் தடுத்தாலும், அத்தடை அரசுப் பணிகளுக்கே உரியது. தனியார் ஆலையும் தோட்டமும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றபின் பதினேழு ஆண்டுகள் அதற்கென ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. 1962-இல், வருமானவரி அதிகாரிகளின் இரு வகுப்பினரிடையே நிலவிய ஊதிய வேறுபாடு பற்றிய வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நுண்பொருளான ஒரு கோட்பாடு, அதற்கும் 14-ஆவது பிரிவுக்கும் தொடர்பில்லை என்று உச்சநீதிமன்றமே கூறிவிட்டது.

1976-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியப் பெண்களின் நிலை குறித்த குழுவின் அறிக்கை வெளிவந்ததை அடுத்து, சர்வதேச மகளிர் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 1975-இன் செப்டம்பரில் சம ஊதிய அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அது நிலையான சட்டமாயிற்று. ஒரே நாளில் எல்லாத் தொழில்களையும் அது பற்றவில்லை. வெவ்வேறு தொழில்களுக்கு வெவ்வேறு தேதிகளில், ஆனால் மூன்றாண்டுக்கு மேற்படாமல், நடைமுறைக்குக் கொண்டுவரலாம் என விடப்பட்டது.

சட்டம் சிறியது, அதன் நான்காம் பிரிவு மட்டும் நிதானித்துப் படிக்கத் தக்கது. ஒரே வேலைக்கோ, ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஒரு பாலாருக்குக் குறைந்த ஊதியம் தரலாகாது என்பது அதன் முதல் உறுப்பு. இதற்கு இணங்குவதற்காக எவருடைய ஊதியத்தையும் குறைக்கலாகாது என்பது இரண்டாவது. பாலின அடிப்படையில் முன்பு வெவ்வேறு விகிதங்கள் நிலவியிருந்தால், அவற்றுள் உயர்ந்த விகிதமே இனி இருபாலாருக்கும் உரியது என்பது மூன்றாவது. ஆண்களின் கூலியைப் பெண்களின் கூலியளவுக்கு இறக்கிச் சமத்துவம் கண்டுவிடலாம் என்று எண்ணக்கூடிய நிர்வாகத்திற்கு முன்கூட்டியே கதவடைத்த ஏற்பாடு இது.

ஐந்தாம் பிரிவு பணிக்குத் தேர்ந்தெடுப்பதில் பெண்களுக்கு எதிராக வேறுபாடு காட்டுவதைத் தடுத்தது. கூலி சமமானால் பெண்களை வேலைக்கு எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்னும் அச்சத்திற்கு இது மறுமொழி எனலாம். 1987-இன் திருத்தம் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் இத்தடையுள் சேர்த்தது. முறையீட்டை அங்கீகாரம் பெற்ற நல அமைப்புகளும் கொண்டுவரலாம் என்று வழிசெய்தது. பெண்களுக்கு எதிரான வேறுபாட்டுக்கு, மூன்று மாதத்திற்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதித்தது.

‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ எது? தேவைப்படும் திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகிய மூன்றும் ஒத்திருந்து, ஒத்த சூழ்நிலையில் செய்யப்படும் வேலை என்பது சட்டம் தந்த விடை. சிறு வேறுபாடுகள் இருப்பினும், அவை பணி நிபந்தனைகளைப் பொறுத்தமட்டில் நடைமுறை முக்கியத்துவம் அற்றவையானால் அவற்றைப் பொருட்படுத்தத் தேவையில்லை. எது முக்கியம், எது முக்கியமன்று என்பதை யார் முடிவு செய்வது? இங்கேதான் வழக்குகள் தொடங்கின.

பெயரும் பணியும்

முதலில் குறிப்பிட வேண்டிய வழக்கில் இந்தக் கடினமான வினாவே எழவில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் நடைபெற்ற கட்டுமானப் பணிகளில் ஆண்களும் பெண்களும் அருகருகே உழைத்தனர். நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி ரூ.9.25. ஆள்கட்டிய ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பெண்களின் கையில் ஏழு ரூபாயே சேர்ந்தது என்பது புகார். ஒப்பந்தக்காரர்கள் செய்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்னும் வாதத்தை நீதிபதி பி. என். பகவதி ஏற்கவில்லை. சம ஊதியச் சட்டத்தை மீறுவது 14-ஆவது பிரிவை மீறுவதே என்றும், தன் ஒப்பந்தக்காரர்கள் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறார்களா எனக் கண்காணிப்பது அரசின் கடமை என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதே ஆண்டின் தொடக்கத்தில், தில்லிக் காவல் துறையின் ஓட்டுநர் ஒருவர் தொடுத்த வழக்கில், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு 1962-இன் கருத்தைக் கடந்து சென்றது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது தனியொரு அடிப்படை உரிமையாகக் கூறப்படவில்லை எனினும், அது அரசியலமைப்பின் குறிக்கோள். 14, 16-ஆவது பிரிவுகளை 39(ஈ) பிரிவின் ஒளியில் படிக்கும்போது அவ்வுரிமை பெறப்படும் என்றது அது.

கடினமான வினா ஏர் இந்தியா வழக்கில் எழுந்தது. விமானத்தினுள் பயணிகளைக் கவனிக்கும் பணியில் இருவகையினர் இருந்தனர்: பெண்களான விமானப் பணிப்பெண்கள், ஆண்களான உதவி ஃபிளைட் பர்சர்கள். ஆண்கள் 58 வயதுவரை பணியாற்றலாம். பெண்கள் 35 வயதிலோ, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொண்டாலோ, முதன்முறை கருவுற்றாலோ விலக வேண்டும். மேலாண்மை இயக்குநர் விரும்பினால் 45 வயதுவரை நீட்டிக்கலாம். 1981-இல் உச்சநீதிமன்றம், கருவுற்றதும் விலக்கும் விதியை மனிதத் தன்மையற்றது எனக் கண்டித்து நீக்கியது. இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் நான்காண்டுத் திருமணத் தடையை நிலைநிறுத்தியது. அடிப்படை வாதமான சமத்துவத்தையும் அது ஏற்கவில்லை. தேர்வு முறை, கல்வித் தகுதி, பதவி உயர்வு வாய்ப்பு, ஓய்வுக்காலப் பயன்கள் ஆகியவை வேறுபடுவதால் இருவகையினரும் வெவ்வேறு வகுப்பினர் என்பது நீதிமன்றத்தின் முடிவு.

இம்முடிவில் ஒரு சுழல் உள்ளது. தேர்வு முறையையும் பதவி உயர்வையும் வேறாக வகுத்தது நிர்வாகமே. அவ்வாறு வகுத்த வேறுபாட்டையே சான்றாகக் காட்டி, ஒப்பீட்டுக்கு இடமில்லை என்று நிர்வாகம் வாதிடும்போது, வேலை என்ன என்ற வினா மறைந்து, பதவி என்ன என்ற வினா முன்னிற்கிறது.

ஆறாண்டுகள் கழித்து அந்தச் சுழலினின்று ஒரு வழி பிறந்தது. பம்பாயைச் சேர்ந்த மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் உயர் அதிகாரிகளுக்குத் துணையாகப் பெண்கள் ‘நம்பிக்கைக்குரிய பெண் சுருக்கெழுத்தர்’ என்னும் பெயரில் பணிபுரிந்தனர். ஆண் சுருக்கெழுத்தர்களைவிட அவர்களுக்கு ஊதியம் குறைவு. 1977-இல் பணியிழந்த பெண் சுருக்கெழுத்தர் ஒருவர், தாம் பணியாற்றிய காலத்திற்குரிய வேறுபாட்டுத் தொகையைக் கோரினார். நிர்வாகம் மூன்று தடைகளை எழுப்பியது. பெண் சுருக்கெழுத்தர் என்பது தனி வகை. அவ்வகையில் ஆண் எவரும் இல்லாதபோது ஒப்பீடு ஏது? ஊதிய விகிதம் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் விளைந்தது. நிறுவனத்தின் பண நிலை கூடுதல் சுமையைத் தாங்காது.

1987-இல் நீதிபதி ஈ. எஸ். வெங்கடராமையா வழங்கிய தீர்ப்பில் மூன்று தடைகளும் தகர்ந்தன. அப்பணியில் பெண்கள் மட்டுமே இருப்பது நிர்வாகம் அவ்வாறு விரும்பியதால்தான். அதற்கெனப் பெண்களுக்குத் தனித் தகுதியும் இல்லை, ஆண்கள் செய்யும் சுருக்கெழுத்துப் பணிக்குப் பெண்கள் தகுதியற்றவரும் அல்லர். சட்டத்திற்கு மாறான ஊதியத்தைத் தொழிற்சங்கத்தின் கையொப்பம் நேர்மையாக்காது. நிறுவனத்தின் பண நிலை எவ்வாறாயினும் சட்டம் பொருந்தும். இரு வேலைகளை ஒப்பிடுகையில் பரந்த நோக்கு வேண்டும், அற்ப வேறுபாடுகளைப் பிடித்துக்கொள்ளலாகாது என்றும் நீதிமன்றம் வழிகாட்டியது. தொழிலாளர் சட்டம் பயிலும் மாணவர்கள் ஏர் இந்தியா தீர்ப்பையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது நன்று. சட்டத்தின் சொற்கள் இரண்டிலும் ஒன்றே. பார்வை விழுந்த இடம் வேறு. முந்தையது பதவிக்குரிய விதிகளைப் பார்த்தது. பிந்தையது மேசைமேல் நடந்த வேலையைப் பார்த்தது.

2016-இல் பஞ்சாப் மாநில வழக்கில் இக்கொள்கை மற்றொரு திசையில் விரிந்தது. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் தினக்கூலிக்காரருக்கும், அப்பணிக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையேனும் அளிக்கப்பட வேண்டும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாற்று நடுபவரும் ஏர் உழுபவரும்

அலுவலகத்தில் இருவர் செய்யும் சுருக்கெழுத்தை ஒப்பிடுவது எளிது. நாட்டில் பெண்கள் மிகுதியாக உழைக்கும் இடம் வேளாண்மை. அங்கு ஆணும் பெண்ணும் பல பருவங்களில் ஒரே வேலையைச் செய்வதே இல்லை. உழவும் வரப்பு வெட்டுதலும் ஆண்களுக்கு. நாற்று நடவும் களையெடுப்பும் பெண்களுக்கு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். கவாத்து செய்வதும் மருந்து தெளிப்பதும் பெரும்பாலும் ஆண்கள். வேலைவாரியாகக் கூலியை நிர்ணயித்து, உழவுக்கு ஒன்று, களையெடுப்புக்கு மற்றொன்று எனக் குறித்துவிட்டால், அந்த அறிவிக்கையில் ஆண், பெண் என்னும் சொற்களுக்கு அவசியமே இல்லை. சட்டம் மீறப்படுவதுமில்லை, பழைய பெண் கூலி புதிய பெயரில் நிலைத்துவிடவும் கூடும்.

இந்திய அரசு ஏற்ற 100-ஆவது உடன்படிக்கையின் சொற்கள் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவை. அது ‘ஒரே வேலை’ என்று கூறவில்லை. ‘சம மதிப்புள்ள வேலை’ என்றது. வேலையின் உள்ளடக்கத்தைப் பாரபட்சமின்றி மதிப்பிடும் முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்றும் கூறியது. சம மதிப்பு என்பது அளவுகோலானால், முழங்கால் அளவுச் சேற்றில் பகலெல்லாம் குனிந்து நடும் வேலையையும் ஏர் உழும் வேலையையும் திறமை, உழைப்பு, பொறுப்பு, சூழ்நிலை ஆகியவற்றால் தனித்தனியே எடை போட்டு ஒப்பிட முடியும். ‘ஒத்த தன்மை’ என்பது அளவுகோலாக இருக்கும்வரை அவ்வொப்பீடு தொடங்குவதேயில்லை. இந்தியச் சட்டம் உடன்படிக்கையைவிடக் குறுகியது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு பலமுறை சுட்டியுள்ளது.

புதிய தொகுப்பில்

2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1936-இன் கூலி வழங்கல் சட்டம், 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1965-இன் போனஸ் சட்டம் ஆகியவற்றோடு 1976-இன் சம ஊதியச் சட்டத்தின் இடத்தையும் இது எடுத்துக்கொண்டது. தொகுப்பின் மூன்றாம் பிரிவு பழைய கொள்கையைச் சுருக்கமாகத் தருகிறது. ஆண், பெண் எனப் பிரித்துக் கூறாமல் ‘பாலினத்தின் அடிப்படையில்’ என்று கூறுவதால், இரண்டிலும் அடங்காத திருநர்களும் இதன் காப்பினுள் வருகின்றனர். இது தெளிவான முன்னேற்றம். வழக்குக் கால எல்லை மூன்றாண்டுகள். தொழிற்சங்கமும் கோரிக்கை மனு தரலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரி, தரவேண்டிய தொகைக்கு மேல் அதன் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கலாம். தரவேண்டியதைத் தந்தாயிற்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவரைச் சேர்ந்தது. தொழிலாளிக்கு இவை மெய்யான பயன்கள்.

ஒப்பீட்டின் அளவுகோல் மட்டும் பெரிதும் மாறவில்லை. மாறிய இடமும் கவனத்திற்குரியது. திறமை, உழைப்பு, பொறுப்பு என்னும் மூன்றோடு ‘அனுபவம்’ என்னும் சொல் புதிதாகச் சேர்ந்துள்ளது. பார்வைக்கு இது குற்றமற்ற சொல். ஆனால் மகப்பேற்றுக்காகவும் குழந்தை வளர்ப்புக்காகவும் சில ஆண்டுகள் பணியிலிருந்து விலகி நின்று மீண்டவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஒரே இயந்திரத்தின் முன் நிற்கும் இருவருள் ஒருவருக்கு அனுபவ ஆண்டுகள் குறைவு என்பதையே காரணமாக்கி, வேலையே ஒத்ததன்று என வாதிட இச்சொல் இடந்தரக்கூடும். வேலைக்குத் தேவைப்படும் அனுபவத்தையே சட்டம் குறிக்கிறது, பணியாளரிடம் இருக்கும் அனுபவத்தை அன்று என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரிகள் மறத்தலாகாது.

விடுபட்டதும் ஒன்றுண்டு. 1987-இன் திருத்தம் பெயர் சொல்லிக் குறித்த பதவி உயர்வும் பயிற்சியும் இடமாற்றமும் புதிய பிரிவில் இல்லை. பணிக்கு எடுக்கும்போது வேலை நிபந்தனைகளில் வேறுபாடு கூடாது என்ற அளவில் அது நிற்கிறது. பதவி உயர்வு பெரிய செய்தி என்பதற்கு அரசுப் பணியிலேயே சான்றுண்டு. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணியான சி. பி. முத்தம்மா தமக்கு உயர்நிலைப் பதவி மறுக்கப்பட்டதை எதிர்த்தபோது, அப்பணியிலுள்ள பெண் திருமணத்திற்கு அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் அம்பலத்திற்கு வந்தது. 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவ்விதியைக் கடுமையாகச் சாடினார். அரசு ஊழியருக்கு 16-ஆவது பிரிவு துணை நிற்கும். தனியார் நிறுவன ஊழியருக்கு அந்தத் துணை இல்லை.

தண்டனையும் மென்மையாகியுள்ளது. தரவேண்டியதைவிடக் குறைத்துத் தரும் குற்றத்திற்கு முதன்முறை ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. சிறை என்பது ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால்தான். வேறு சில மீறல்களில், வழக்குத் தொடருமுன் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். அபராதத்தின் மேல் வரம்பு உயர்ந்துள்ளதையும் சேர்த்தே இதனை எடை போட வேண்டும்.

இரு வேலைகள் ஒத்தவையா என்னும் சச்சரவைத் தீர்க்க, உரிய அரசு அறிவிக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார் என்கிறது நான்காம் பிரிவு. அவர்முன் செல்லும் தொழிலாளிக்கு, அடுத்தவர் பெறும் ஊதியம் எவ்வளவு என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். தம் கையிலுள்ள ஊதியச் சீட்டு தம் ஊதியத்தை மட்டுமே காட்டும். ஆகவே ஐம்பதாம் பிரிவின் ஓர் ஏற்பாடு மிகப் பயனுடையது: பணியாளர் வகைவாரியாக ஊதிய விகிதங்களை எழுதி, நிறுவனத்தில் கண்ணில் படும் இடத்திலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், பொறுப்பான ஆய்வாளரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வேளாண்மைக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் அமர்த்துவோருக்கு இக்கடமை இல்லை. பதிவேடும் ஊதியச் சீட்டும்கூட அவர்களுக்குக் கட்டாயமல்ல. ஆய்வாளர் கேட்டால், கூலி கொடுத்ததற்குப் பொருத்தமான சான்றைக் காட்டினால் போதும்.